சாவி போனாலும் தாய்ப்பத்திரம் இருக்கட்டும்: குவாண்டம் கணினி வருவதற்கு முன் வாலட்டைத் தயார் செய்தல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகு சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பின் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்த கோப்பில், ரேஷன் கார்டு நகலோடும் பழைய வாடகை ரசீதுகளோடும், பிட்காயின், எத்தீரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களை வைத்திருக்கும் என் வாலட்டின் 24 மீட்புச் சொற்களை எழுதிவைத்த தாளும் ஊறிக் கிடந்தது. ஜெல் பேனாவால் எழுதிய முதல் 15 சொற்கள் ஊதாக் கறையாகப் பரவிவிட்டன. நடுவில் மை தீர்ந்து பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறியதால் கடைசி 9 சொற்கள் மட்டும் அப்படியே இருந்தன. வாலட் கருவி மேல்தட்டில் நனையாமல் இருந்தது, வேலையும் செய்தது. பணத்தை அனுப்பும் சாவிதான் கருவிக்குள் இருக்கிறதே என்று அந்தத் தாளைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது, மூன்று மாதம் கழித்து, எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் 2024 மார்ச்சில் எழுதிய ஒரு குறிப்பைப் படித்தபோதுதான் உறைத்தது.

சில கணிதப் புதிர்களை இன்றைய கணினிகளைவிட மிக வேகமாகத் தீர்க்கக்கூடிய குவாண்டம் கணினியைக் கொண்டு எத்தீரியம் கணக்குகளை யாரோ ஒருநாள் மொத்தமாகச் சூறையாடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதே அந்தக் குறிப்பு. திருட்டு தொடங்குவதற்கு முந்தைய நிலைக்குச் சங்கிலியை, அதாவது பரிவர்த்தனைகள் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயினை, திருப்புவது, பழைய முறைக் கையொப்பத்தோடு வரும் பரிவர்த்தனைகளை நிறுத்துவது, பின்பு “இந்தச் சாவி எந்த மூலத்திலிருந்து பிறந்ததோ அந்த மூலம் என்னிடம் இருக்கிறது” என்று ஸ்டார்க் எனப்படும் கணித நிரூபணத்தால் காட்டுகிறவரிடம் கணக்கைத் திருப்பிக் கொடுப்பது என்பது அவர் காட்டிய வழி. இது யோசனை மட்டுமே, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் சங்கிலியின் போக்கில் தலையிடுவது எத்தீரியத்துக்குப் புதிதன்று. டாவோ என்ற முதலீட்டு நிதியத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு 2016 ஜூலையில் விதியையே மாற்றி, பறிபோன பணத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைக் காசிமேட்டைச் சேர்ந்த, கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் சொன்னபோது, “சாவியே அவன் கைக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் நம்மகிட்ட இன்னாண்ணே இருக்குது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இந்த வழிகாட்டி முழுவதும் அதற்கான பதில்தான்.

சாவி வேறு, மூலம் வேறு

வாலட் தரும் 12 அல்லது 24 சொற்கள் முதலில் 2048 சுற்றுகள் ஹாஷ் செய்யப்பட்டு, அதாவது விடையிலிருந்து பின்னோக்கிப் போக முடியாத ஒருவழிக் கணக்குக்கு உட்பட்டு, ஒரு பெரிய எண்ணாகின்றன. அந்த எண்ணிலிருந்து, மீண்டும் ஹாஷ் படிகளின் வழியே, பிரைவேட் கீ எனப்படும், பணம் அனுப்பும்போது கையொப்பமிடும் இரகசியச் சாவி பிறக்கிறது. இரகசியச் சாவியிலிருந்து நீள்வட்ட வளைவுக் கணக்கால் பப்ளிக் கீ கிடைக்கிறது. பப்ளிக் கீயை ஹாஷ் செய்தால் முகவரி. பீட்டர் ஷோர் 1994இல் கண்டறிந்த வழிமுறை, போதிய வலுவுள்ள குவாண்டம் கணினி கிடைத்தால், இந்த வரிசையில் ஒரேயொரு கண்ணியை மட்டும் உடைக்கும்: பப்ளிக் கீயிலிருந்து இரகசியச் சாவிக்குத் திரும்பும் வழியை. ஹாஷ் கண்ணிகள் எதையும் அது உடைக்காது. ஆகவே திருடன் சாவியைப் பெறலாம். சாவியிலிருந்து மேலேறி உங்கள் 24 சொற்களை அடைய முடியாது.

வீட்டுக்குக் கள்ளச்சாவி போட்டவனால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொள்ள முடியும். ஆனால் வழக்கு வந்தால் தாய்ப்பத்திரத்தை எடுத்துக் காட்ட அவனால் முடியாது. மீட்புச் சொற்கள்தான் அந்தத் தாய்ப்பத்திரம். தம்பியிடம் நான் சொன்ன பதிலும் இதுதான்.

அத்தகைய கணினி எப்போது வரும் என்ற கேள்விக்கு இரண்டு அளவுகோல்களை மட்டும் சொல்கிறேன். ஆர்எஸ்ஏ என்ற மற்றொரு குறியாக்க முறையின் 2048 பிட் பூட்டை உடைக்க, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான குவாண்டம் பிட்டுகள் 2 கோடி தேவைப்படும் என்று 2019இல் கணித்த இருவரில் ஒருவரான கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 2025 மே மாதத்தில் அதைப் 10 லட்சத்துக்கும் கீழே இறக்கினார். மறுபக்கம், கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த வில்லோ என்ற குவாண்டம் சில்லில் இருந்தவை 105 குவாண்டம் பிட்டுகள்தான். இடைவெளி பெரிது, ஆனால் இரு முனையிலிருந்தும் சுருங்குகிறது. பீதிக்கு இடமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு.

முதல் படி: கணக்குகளை வகை பிரியுங்கள்

ஒரு நோட்டில் உங்கள் கணக்குகள் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே “இதன் மூலச் சொற்கள் என்னிடம் உள்ளனவா?” என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று குறியுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மெட்டாமாஸ்க் போன்ற செயலியில் ஒரே பட்டியலில் வரிசையாகத் தெரியும் கணக்குகள் எல்லாம் ஒரே 12 சொற்களிலிருந்து வந்தவை என்று எண்ணிவிடுகிறோம். வெளியிலிருந்து பிரைவேட் கீயை ஒட்டிச் சேர்த்த கணக்குகள் “இம்போர்ட்டட்” என்ற அடையாளத்தோடு இருக்கும்; அவை அந்தச் சொற்களைச் சேர்ந்தவை அல்ல, அந்தச் சொற்களால் மீளவும் மாட்டா.

சொற்கள் இல்லாதவை பொதுவாக இவை: ஆரம்ப ஆண்டுகளில் கோப்பாகச் சேமித்த எத்தீரியம் கணக்குகள், அச்சிட்ட காகித பிட்காயின் வாலட்டுகள், மின்னஞ்சலால் உள்நுழைந்து சொற்களே காட்டாத சில வாலட்டுகள். இவற்றின் சாவி, சொற்கள் வழியாக அல்லாமல், நேரடியாகத் தற்செயல் எண்ணாகப் பிறந்திருந்தால், சாவிக்கு மேலே காட்டுவதற்கு மூலம் என்று ஒன்று இல்லை. திருடனிடம் இருப்பதும் அதே சாவி, உங்களிடம் இருப்பதும் அதே சாவி என்றாகிவிடும்.

கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் வைத்திருப்பதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அங்கே சாவியும் மூலமும் அவர்களுடையவை. தயாராக வேண்டியதும் அவர்களே. சொலானா என்ற மற்றொரு சங்கிலியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அங்கே முகவரியே பப்ளிக் கீ, மறைவு என்பதே கிடையாது. ஆனால் அங்கு பயன்படும் எட்25519 முறையில், கையொப்பமிடும் இரகசிய எண்ணே ஒரு மூலத்தை ஹாஷ் செய்து பெறப்படுவதால், மூலத்தைக் காட்டி மீட்பதற்கான அடித்தளம் அங்கேயும் உண்டு.

இரண்டாம் படி: மூலமில்லாதவற்றை இடம் மாற்றுங்கள்

“இல்லை” என்று குறித்த ஒவ்வொரு கணக்கிலிருந்தும், சொற்களோடு புதிதாக உருவாக்கிய கணக்குக்குப் பணத்தை மாற்ற வேண்டும். புதிதாக உருவாக்கும்போது 24 சொற்களையே தேர்ந்தெடுங்கள். குவாண்டம் கணினிக்கான குரோவரின் தேடல் வழிமுறை கோட்பாட்டளவில் 128 பிட் வலுவை 64 பிட் அளவுக்குக் குறைக்கும் என்பார்கள். 12 சொற்கள் 128 பிட், 24 சொற்கள் 256 பிட். ஒவ்வொரு முயற்சியிலும் 2048 சுற்று ஹாஷ் இருப்பதால் 12 சொற்களை நடைமுறையில் உடைப்பதும் மிகக் கடினம். ஆனாலும் புதிதாகச் செய்யும்போது கஞ்சத்தனம் வேண்டாம்.

முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே மீதியை அனுப்புங்கள். உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்கள் இன்னொரு கணக்குக்குப் போவது விற்பனை அன்று. எனினும் லாபத்துக்கு 30 சதவீத வரி உள்ள நாட்டில், எந்த நாளில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போனது என்று எழுதிவைத்து ஆடிட்டரிடம் காட்டுவது பிற்காலத்து விளக்கங்களை மிச்சப்படுத்தும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். 2025 மே 7 அன்று வந்த எத்தீரியத்தின் பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு சாதாரணக் கணக்கையும், நிரலால் இயங்கும் ஸ்மார்ட் கணக்கு போல இயக்கலாம் என்பதால், அப்படி மாற்றினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். வராது. பழைய சாவியின் அதிகாரம் அங்கே அப்படியே இருக்கிறது.

மூன்றாம் படி: சொற்களை எஃகில் பதியுங்கள்

காகிதம் எங்கள் பகுதிக்கு ஒத்துவராது. மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற மாதங்களில் கடலோர ஈரம். ராயபுரத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகமே போதிய சாட்சி. போகிக்கு முதல் நாள் பழைய நோட்டுகளை அள்ளிக்கொண்டு போய் எரிப்பதும் நம் வீடுகளில் வழக்கம். அதனால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பதிப்பதே சரி. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகம் போதுமானது. கடற்கரைக்கு மிக அருகில் இருப்பவர்கள், மாலிப்டினம் கலந்ததால் உப்பைத் தாங்கும் 316 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். 2 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அடிக்கும்போது வளையாது.

கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிறவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அழகாக முடித்துவிடுவாரே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சொற்களைப் பார்த்தவர் பணத்தைப் பார்த்தவர். தங்கசாலை, பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் எழுத்துப் பஞ்ச் செட் என்று கேட்டால் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனி உளியாக ஒரு பெட்டியில் கிடைக்கும். அதை வாங்கி நீங்களே அடியுங்கள். முழுச் சொல்லையும் அடிக்க வேண்டியதில்லை: பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றும் 2048 சொற்பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. ஆக 24 சொற்களின் எழுத்துகளுக்கு அதிகபட்சம் 96 அடி. பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வரிசை எண்ணைப் பதித்து, தகட்டின் கீழே மடித்த சாக்கை வைத்து அடித்தால் சத்தம் குறையும். பகல் நேரத்தில் செய்யுங்கள், இரவு பத்து மணிக்கு நான் தொடங்கியபோது கீழ்வீட்டு அக்கா, “என்னப்பா, கதவு மாட்டுறியா?” என்று கேட்டபடி மேலே வந்துவிட்டார். தகட்டின் மேல் துண்டை இழுத்துப் போட வேண்டியதாயிற்று.

சொற்களுக்குப் பதிலாகப் பட்டியலில் அவற்றின் வரிசை எண்ணைப் பதிப்பவர்களும் உண்டு. எண் உளிகள் ஒன்பதே என்பதால் வேலை எளிது. ஆறையே தலைகீழாக்கி ஒன்பதாக அடிக்க வேண்டும், அதுதான் ஆபத்தும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்ற குழப்பம் வேறு. நான் எழுத்தையே பரிந்துரைப்பேன். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்காக அந்தச் சொற்களைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தமிழில் ஒரே “ப” இரண்டு ஒலிகளுக்கு நிற்கும், பின்னால் எழுத்துக்கூட்டை யாராலும் ஊகிக்க முடியாது.

இரண்டு தகடுகள் செய்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறு பகுதியிலும், வங்கி லாக்கரிலோ தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதியில் உள்ள உடன்பிறந்தவர் வீட்டிலோ வையுங்கள். பாதிச் சொற்கள் இங்கே, பாதி அங்கே என்று பிரிக்காதீர்கள். ஒரு பாதி தொலைந்தால் முழுதும் தொலைந்தது. கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். அது எடுத்த மறுகணமே இணையச் சேமிப்புக்குப் போயிருக்கும்.

நான்காம் படி: வழித்தடத்தைக் குறித்துவையுங்கள்

மூலம் இருந்தால் மட்டும் போதாது, மூலத்திலிருந்து இந்த முகவரிக்கு வந்த வழியும் தெரிய வேண்டும். நிரூபணம் அந்த வழி முழுவதையும் கணக்கிட்டுக் காட்டியாக வேண்டும். எத்தீரியத்தில் பரவலான வழித்தடம் 44, 60, 0, 0, 0 என்ற எண்களால் ஆனது. ஆனால் சில வாலட்டுகள் இரண்டாம் கணக்குக்குக் கடைசி எண்ணை உயர்த்துகின்றன, சில நடு எண்ணை உயர்த்துகின்றன. பிட்காயினில் 1 என்று தொடங்கும் முகவரிக்கு 44, 3 என்று தொடங்குவதற்குப் பொதுவாக 49, பிசி1கியூ (bc1q) என்று தொடங்குவதற்கு 84, பிசி1பி (bc1p) என்று தொடங்குவதற்கு 86 முதல் எண்ணாக வரும். எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் தரும் சொற்கள் தோற்றத்தில் ஒத்திருந்தாலும் அதன் முறை வேறு. ஆகவே செயலியின் பெயர், உருவாக்கிய ஆண்டு, வழித்தடம், முதல் முகவரி ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இதில் இரகசியம் இல்லாததால் காகிதமே போதும், பால்பாயிண்ட் பேனாவால்.

25ஆம் சொல் எனப்படும் கூடுதல் பாஸ்ஃபிரேஸ் வைத்திருந்தால், அதுவும் மூலத்தின் ஒரு பகுதி. அதை மறந்தவரிடம் தகடு இருந்தும் மூலம் இல்லை. தகட்டோடு சேர்க்காமல் தனி இடத்தில் அதையும் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: மீட்டுப் பாருங்கள்

இரண்டாவது வாலட் கருவி ஒன்றில், தகட்டைப் பார்த்துச் சொற்களை உள்ளிட்டு, முதல் முகவரி காகிதத்தில் குறித்ததோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கருவி இல்லாவிட்டால், இரண்டு தகடுகளையும் ஒப்பிட்ட பிறகு, இருக்கும் கருவியை அழித்து மீட்கலாம். பெருந்தொகை உள்ளே இருக்கும்போது அன்று, புதிதாகத் தொடங்கும்போது சிறுதொகையோடு. கணினியில் தட்டச்சு செய்தோ, இணையதளத்தில் ஒட்டியோ சரிபார்க்கக் கூடாது.

ஆறாம் படி: சேமிப்பைத் திரைக்குப் பின்னால் வையுங்கள்

இதுவரை சொன்னது களவு போன பின் மீட்பதற்கு. களவுக்கே எளிதில் வாய்ப்புத் தராமல் இருப்பது இந்தப் படி. எத்தீரியத்தில் ஒரு கணக்கிலிருந்து ஒருமுறை பணம் அனுப்பினாலே, கையொப்பத்திலிருந்து அதன் பப்ளிக் கீயை எவரும் கணக்கிட்டுவிடலாம். பணம் வாங்க மட்டும் செய்த கணக்கின் பப்ளிக் கீ ஹாஷுக்குப் பின்னால் மறைந்தே இருக்கும். எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் எத்தர்ஸ்கேன் தளத்தில் உங்கள் முகவரியைத் தேடி, வெளியே போன பரிவர்த்தனை ஒன்றாவது உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அது செலவுக் கணக்கு, சேமிப்புக்கு ஆகாது. இணையதளத்தில் உள்நுழையச் செய்தியில் கையொப்பமிட்டாலும் அந்தத் தளத்திடம் பப்ளிக் கீ போய்விடுகிறது. அதனால் சேமிப்புக் கணக்கை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள்.

பிட்காயினில் இந்தப் படி இன்னும் முக்கியம். சங்கிலியைத் திருப்பி மீட்கும் மரபு அங்கே இல்லை; குவாண்டம் தாங்கும் முகவரி வகைக்கான பிஐபி-360 முன்மொழிவாகவே இருக்கிறது. 2021 நவம்பரில் வந்த டாப்ரூட், அதாவது பிசி1பி முகவரிகளில், பப்ளிக் கீ மறைவின்றி வெளியிலேயே இருக்கிறது. நீண்ட காலச் சேமிப்புக்கு, ஒருமுறைகூடச் செலவு செய்யாத பிசி1கியூ முகவரியே மேல். செலவு செய்தால் மிச்சத்தைப் புதிய முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். இருப்பைக் காட்டும் செயலிகளுக்கு எக்ஸ்பப் எனப்படும் கணக்கு முழுமைக்குமான பொதுச் சாவியைக் கொடுத்தால், செலவு செய்யாத முகவரிகளின் பப்ளிக் கீயும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். தவிர்க்கலாம்.

குவாண்டம் தாங்கும் புதிய கையொப்ப முறைக்குச் சங்கிலிகள் ஏன் உடனே மாறவில்லை என்றால், அளவு. இன்றைய கையொப்பம் சுமார் 64 பைட். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் ஏற்ற புதிய முறைகளில் எம்எல்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய வகையே 2420 பைட், எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏவின் மிகச் சிறியது 7856 பைட். சங்கிலியில் ஒவ்வொரு பைட்டுக்கும் கட்டணம் உண்டு.

ஏழாம் படி: வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள்

கப்பலுக்குப் போகிற அந்தத் தம்பியின் மனைவிக்கு, வாலட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவசர மீட்பு அறிவிக்கப்படும் நாளில் அவர் நடுக்கடலில் இருக்கலாம். பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்றிருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் தொலைந்த 24 சொற்களை வரவழைக்க முடியாது. தகடு எங்கே, காகிதம் எங்கே, யாரிடமும் எதைச் சொல்லக் கூடாது என்ற மூன்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவையுங்கள்.

அந்த நாள் வந்தால்

முதலில், பதறி எதையும் அனுப்பாதீர்கள். செலவு செய்யாத முகவரியிலிருந்து அனுப்பத் தொடங்கும் கணத்தில்தான் உங்கள் பப்ளிக் கீ வெளிவரும். பரிவர்த்தனை உறுதியாகும் முன்பே அது பொதுவெளியில் தெரியும். சங்கிலி பின்னோக்கித் திருப்பப்பட்டால் நீங்கள் அனுப்பியதும் பெற்றதும் இல்லாமல் போகலாம். அதே காரணத்தால், அந்த நாட்களில் யாராவது கிரிப்டோவில் விலை கொடுத்தால் பொருளை ஒப்படைக்காமல் காத்திருங்கள்.

இரண்டாவது, மோசடி. “குவாண்டம் பாதுகாப்பு அப்டேட், உடனே உங்கள் சொற்களைப் பதிவு செய்யுங்கள்” என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செய்தி வரும். உண்மையான ஆபத்து வருவதற்கு முன்பே வரும். மீட்பு நிரூபணத்தின் சிறப்பே, மூலத்தை வெளியே சொல்லாமல் அது உங்களிடம் இருப்பதைக் காட்டுவதுதான். நிரூபணம் உங்கள் கருவியிலேயே தயாராகும், நிரூபணம் மட்டுமே வெளியே போகும். ஆகவே 24 கட்டங்கள் கொண்ட படிவத்தை யார் நீட்டினாலும், எந்தச் சின்னத்தைப் போட்டு நீட்டினாலும், அது திருட்டு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சொற்கள் கசிந்த கணக்கில் மிச்சம் இருப்பதை அந்த நிமிடமே வேறு மூலத்தில் பிறந்த கணக்குக்கு மாற்றுங்கள்.

என் தகடு இப்போது மாடியில் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று உளிப்பெட்டியோடு அதையும் இறக்கி, துணியால் துடைத்து, 24 வரிகளும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.